விற்பனைக்கு ஒரு கருங்கல் வீடு: க்ரூஸ் நாட்குறிப்பு

ஞாயிறு, லா சூத்தரேன்

பாரிஸின் ஒஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் லிமோஜ் வண்டி பிடித்தால் சுமார் மூன்று மணி நேரத்தில் லா சூத்தரேன். இறங்கியதும் கண்ணில் படுவது பச்சைப் புல்வெளி, செம்பழுப்பு லிமோசின் மாடுகள், ஆள் நடமாட்டமில்லாத தெரு. மத்திய பிரான்சின் இந்த க்ரூஸ் மாவட்டம் முழுக்கச் சேர்த்தாலும் மக்கள்தொகை ஒன்றேகால் லட்சத்தைத் தொடாது. பிழைப்புக்காக உள்ளூர் இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட, பூட்டிக் கிடந்த கருங்கல் வீடுகளை வாங்கிக் குடியேறியவர்களில் பிரிட்டனிலிருந்து ஓய்வுபெற்று வந்தவர்கள் நிறையப் பேர். லண்டனில் கார் ஷெட் வாங்கும் காசுக்கு இங்கே வீடு, தானியக் கொட்டகை, சுற்றி நிலம் என்று மொத்தமாகக் கிடைத்த காலம் அது.

அந்தத் தலைமுறைக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. டாக்டர் இருபது கிலோமீட்டர் தள்ளி. கார் ஓட்ட முடியாத நாள் வந்தால் ரொட்டி வாங்கக்கூட வழியில்லை. பேரப்பிள்ளைகள் கடலுக்கு அந்தப் பக்கம். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இன்னொரு சிக்கல். 2020 முடிவதற்குள் இங்கே முறையாகக் குடியிருந்தவர்களுக்கு வதிவிட அட்டை உண்டு. அதில் நிரந்தர உரிமை பெற்றவர்கள் தொடர்ந்து 5 ஆண்டு வரை வெளியே இருக்கலாம். விடுமுறை வீடாக மட்டும் வைத்திருந்தவர்கள் 180 நாளில் 90 நாள்தான் இங்கே தங்கலாம். 2025 அக்டோபரில் எல்லையில் விரல்ரேகை எடுத்துக் கணினியில் நாள் கணக்கு ஏற்றும் முறை தொடங்கிவிட்டதால், முன்போல முத்திரை மங்கலாக இருக்கிறது என்று சமாளிக்க முடியாது. வீட்டைப் பழுதுபார்க்க வருகிற நாட்களும் அந்தத் தொண்ணூறில்தான் சேரும்.

இந்த வாரம் பார்க்கப்போவது அப்படி ஒரு வீடு. மாடியோடு கூடிய கருங்கல் கட்டடம், 1949-க்கு முற்பட்டது. ஒட்டினாற்போல் ஒரு கொட்டகை, பின்னால் ஒன்றரை ஏக்கர். வீட்டுக்காரர்கள் தரகர் சொன்னபடி முதலில் உள்ளே வெள்ளையடிக்கக் கிளம்பியிருந்தார்கள். நல்லவேளை, ஒரு அறையோடு நிறுத்திவிட்டார்கள். பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் ஒரு வீட்டின் விலையை அடிப்பது சுவரின் நிறம் அல்ல. கழிவுநீர், ஈரம், காகிதம், இந்த மூன்றும்தான். மூன்றுக்கும் வாங்குபவர் எதிரே உட்காருவதற்கு முன்பே பதில் தயாராக இருக்க வேண்டும்.

திங்கள், மண்வெட்டியோடு

இங்கே ஊர்ப் பாதாளச் சாக்கடை கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்த செப்டிக் டேங்க். அதைச் சோதிக்க ஸ்பாங்க் என்ற உள்ளாட்சிப் பிரிவு இருக்கிறது. வீடு விற்கும்போது அவர்கள் தரும் அறிக்கை 3 ஆண்டுக்குள் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். முறைப்படி இல்லை என்று அறிக்கை வந்தாலும் விற்கத் தடையில்லை. ஆனால் வாங்குபவர் கிரயப் பத்திரம் முடிந்த ஓராண்டுக்குள் சரிசெய்தாக வேண்டும். அந்தச் செலவு பத்தாயிரம் யூரோவை ஒட்டி வருவது சாதாரணம். அதைத்தான் விலையில் கழிப்பார்கள், பெரும்பாலும் வட்டியும் சேர்த்து.

பரிசோதகர் வரும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை மூடிகளைத் தேடிக் கண்டுபிடிப்பது. இருபது வருடத்தில் புல் மூடி, சில இடத்தில் மேலே பூச்செடியே வைத்துவிடுகிறார்கள். மூடி திறக்க முடியாவிட்டால் அவர் பார்க்க மாட்டார். பார்க்காததை ‘இல்லை’ என்றுதான் எழுதுவார். டேங்க், வடிகட்டி, பிரிப்புப் பெட்டி, கடைசி வெளியேற்றம் எல்லாவற்றையும் திறந்து வைத்து, ஒரு தாளில் படமும் வரைந்து கொடுத்தால் வேலை பாதி முடிந்தது.

இரண்டாவது, மழைநீர். கூரைத் தண்ணீர்க் குழாயை யாரோ ஒருவர் வசதிக்காகக் கழிவுநீர்க் குழாயில் சேர்த்திருப்பார். இந்த வீட்டிலும் கொட்டகைப் பக்கக் குழாய் அப்படித்தான் இருந்தது. ஒரு பெரிய மழையில் டேங்கின் சேறு கலங்கி, டேங்க் தண்ணீர் மண்ணில் இறங்கும் மணற்படுகையான வடிநிலத்துக்குப் போய் மணலை அடைத்துவிடும். அடைத்த மணலைக் கழுவ முடியாது, தோண்டி மாற்ற வேண்டியதுதான். குழாயைத் திருப்பிவிட ஆன செலவு இரண்டு முழங்கை வளைவும் நான்கு மீட்டர் பிவிசி குழாயும்.

மூன்றாவது, சேற்றின் அளவு. நீளக் கழியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, மெதுவாக அடிவரை இறக்கி, சற்று நிறுத்தி எடுத்தால் கறுப்புப் படிந்த உயரம்தான் சேறு. டேங்க் கொள்ளளவில் பாதியை எட்டினால் உறிஞ்சி எடுக்க வேண்டும். சராசரிக் குடும்பத்துக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை என்பது வழக்கம். இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் அதைவிடத் தாமதமாகும். மாவட்ட நிர்வாகம் அங்கீகரித்த லாரிக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும், அவர் தரும் ரசீது கோப்பில் இருக்க வேண்டும். பக்கத்து விவசாயி டிராக்டரில் உறிஞ்சிக்கொண்டு போனது கணக்கில் வராது. காலி செய்த அன்றே டேங்கை நல்ல தண்ணீரால் நிரப்பிவிடுங்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறி, காலி பிளாஸ்டிக் டேங்கை மேலே தூக்கிவிடும், இல்லை நசுக்கிவிடும்.

வெளியேறும் வாயில் இருக்கும் எரிமலைக் கல் வடிகட்டியை வாளியில் எடுத்து வெளியே ஹோஸால் அலச வேண்டும். உள்ளேயே அலசினால் அழுக்கு அத்தனையும் வடிநிலத்துக்குப் போகும். பிறகு காற்றுக் குழாய். 100 மி.மீ. குழாய் கூரைக்கு மேல் வரை போக வேண்டும். பாதியில் நின்றிருந்தால் நாற்றம் மட்டுமல்ல, டேங்கில் உருவாகும் வாயு கான்கிரீட்டையே அரிக்கும்.

இந்த வீட்டில் இருப்பது 3,000 லிட்டர் டேங்க். ஐந்து முக்கிய அறை வரை அதுதான் குறைந்தபட்ச அளவு. அதனால் அளவில் பிரச்சினை இல்லை. பழைய வீடுகள் பலவற்றில் கழிப்பறைத் தண்ணீருக்கு மட்டும் ஒரு சிறு டேங்க், சமையலறைத் தண்ணீர் நேராக வாய்க்காலுக்கு. அப்படி இருந்தால் சமாளிக்க நினைக்காமல், புதிய அமைப்புக்கு இரண்டு கம்பெனிகளிடம் மதிப்பீடு வாங்கிக் கோப்பில் வையுங்கள். எழுத்தில் ஒரு தொகை இருந்தால் வாங்குபவரின் கற்பனை அதைத் தாண்டிப் போகாது. நீங்களே போடுவதானால் வரைபடத்துக்கு ஸ்பாங்க் ஒப்புதல் முதலில். பள்ளத்தை மூடும் முன் அவர்கள் வந்து பார்க்க வேண்டும். அவசரப்பட்டு மண்ணைத் தள்ளி மூடியவர்கள் திரும்பத் தோண்டியிருக்கிறார்கள். குடிநீர்க் கிணற்றிலிருந்து 35 மீட்டர், எல்லையிலிருந்தும் மரத்திலிருந்தும் 3 மீட்டர், வீட்டிலிருந்து 5 மீட்டர் தள்ளி வடிநிலம் அமைய வேண்டும் என்பதையும் இடம் பார்க்கும்போதே நினைவில் வையுங்கள்.

செவ்வாய், சுண்ணாம்பு

க்ரூஸ் கொத்தனார்களுக்குப் பெயர்போன மண். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வசந்தம் வந்தால் இங்கிருந்து ஆயிரக்கணக்கில் ஆண்கள் பாரிஸுக்குக் கட்டட வேலைக்கு நடந்தே போய், குளிருக்குத் திரும்புவார்கள். ஃபெல்தேனில் கட்டட வேலை சொல்லித்தரும் பள்ளி இன்றும் நடக்கிறது. அந்தக் கைகள் கட்டிய சுவர்களைப் பின்னால் வந்தவர்கள் சிமெண்டால் கெடுத்ததுதான் இந்த ஊர் வீடுகளின் பெரிய வியாதி.

சுவர் அரை மீட்டருக்கு மேல் தடிமன். கருங்கல்லுக்கு நடுவே இருப்பது மண்ணும் சுண்ணாம்பும். அடியிலிருந்து ஏறும் ஈரம் அந்த இடுக்குகள் வழியாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். வெளியே சிமெண்டால் பாயிண்டிங் செய்தால், அதாவது கல் இடுக்குகளைப் பூசி அடைத்தால், ஈரத்துக்கு ஒரே வழி உள்பக்கம். அதுதான் படுக்கையறையில் பூஞ்சை வாடையாக வருகிறது. வீட்டுக்காரர்கள் ஈரத்தை எதிர்க்கும் பெயிண்ட் இரண்டு கோட்டு அடித்திருந்தார்கள். ஆறு மாதத்தில் அது அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது.

வடக்குச் சுவர் முழுவதையும் விற்பதற்காக மாற்றுவது வீண். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அது சரியான முடிவு. சிமெண்டைச் சிறு உளியாலும் சுத்தியாலும் 2 முதல் 3 செ.மீ. ஆழம் வரை பெயர்க்க வேண்டும். கிரைண்டர் போட்டால் வேலை சீக்கிரம் ஆகும், ஆனால் கல்லின் ஓரம் வெட்டுப்பட்டுப் பல்லிளிக்கும். பெயர்த்த பிறகு பிரஷ் போட்டுத் தூசி தட்டி, முந்தின நாள் மாலையும் வேலைக்கு முன்னும் சுவரை நனைக்க வேண்டும். உலர்ந்த கல் கலவையின் தண்ணீரைக் குடித்துவிட்டால் பாயிண்டிங் பொடியாக உதிரும்.

கலவை: என்.எச்.எல். 3.5 என்ற, நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு ஒரு பங்கு, 0/4 மணல் (4 மி.மீ. வரை பருமன்) இரண்டரைப் பங்கு, இரண்டையும் வாளியால் அளந்து. மூட்டையைப் பார்த்து வாங்குங்கள். சுண்ணாம்பு என்று பெரிதாக எழுதி உள்ளே சிமெண்ட் கலந்த மூட்டைகளும் அதே அடுக்கில் இருக்கும். உள்ளூர் மணலின் மஞ்சள்தான் பாயிண்டிங்கின் நிறம். ஆற்று மணலின் சாம்பல் நிறம் வந்தால் ஒட்டுப்போட்டது தூரத்திலேயே தெரியும். தண்ணீர் குறைவாக, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் பதத்தில். இடுக்கில் ஒல்லிக் கரண்டியால் அழுத்தித் திணித்துக் கல் முகத்துக்குச் சற்று மேலே விட்டுவிட வேண்டும். உடனே தடவக் கூடாது. விரல் நகத்தால் கீறினால் ஒட்டாமல் பொடியாக வரும் பதம் வரும்வரை காத்திருந்து, கடினமான பிரஷால் குத்தித் தேய்த்தால் மணல் வெளியே தெரியும், கல்லின் ஓரம் திரும்பக் கிடைக்கும். வெயிலைப் பொறுத்து அந்தப் பதம் மூன்று மணி நேரத்திலும் வரலாம், மறுநாள் காலையிலும் வரலாம். பொறுமை இல்லாதவர் செய்த பாயிண்டிங்கைச் சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஐந்து டிகிரிக்குக் கீழே போகும் என்றால் வேலை நிறுத்தம். சுண்ணாம்பு இறுகும் முன் உறைபனி பிடித்தால் உள்ளே இருக்கும் நீர் உப்பி மொத்தத்தையும் தள்ளிவிடும். அக்டோபர் பாதியோடு இங்கே இந்த வேலையை மூட்டை கட்ட வேண்டியதுதான். முடித்த பகுதியில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு மூன்று நாலு நாள் காய விடாமல் வைக்க வேண்டும்.

சுவரோரத்தில் கொட்டியிருந்த கான்கிரீட் நடைபாதையையும் உடைத்தெடுத்தார்கள். பாயிண்டிங்கை விட அதுதான் அதிகம் பலன் தரும் என்பது என் கருத்து. தரை ஈரத்தைச் சுவருக்குத் தள்ளிக்கொண்டிருந்ததே அதுதான். அந்த இடத்தில் ஜல்லி நிரப்பி, வெளிப்பக்கம் சரிவு.

புதன், பரிசோதகர் வந்த நாள்

சட்டம் கேட்கும் சோதனைகளைச் செய்ய உரிமம் பெற்ற பரிசோதகர் காலை ஒன்பதுக்கு வந்து மதியம் வரை இருந்தார். எது எத்தனை நாள் செல்லும் என்று தெரியாமல் முன்கூட்டியே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வீடு விற்க ஒரு வருடம் ஆனதும் பாதியை மறுபடி எடுப்பவர்கள் உண்டு. ஆற்றல் மதிப்பீடான டி.பி.இ. 10 ஆண்டு செல்லும். 15 ஆண்டுக்கு மேற்பட்ட மின், எரிவாயு இணைப்புக்கான சோதனை 3 ஆண்டு. 1949-க்கு முந்தைய வீட்டில் பெயிண்டில் ஈயம் இருக்கிறதா என்ற சோதனை, இருந்தால் 1 ஆண்டு, இல்லாவிட்டால் காலவரையில்லை. 1997 ஜூலைக்கு முன் அனுமதி பெற்ற கட்டடத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் சோதனை. கரையான் பகுதி என அறிவிக்கப்பட்ட ஊர்களில் கரையான் சான்று, அது 6 மாதம். இயற்கை அபாய அறிக்கையும் 6 மாதம். ஆகவே நீண்ட ஆயுள் உள்ளவற்றை விளம்பரத்துக்கு முன் எடுங்கள். விளம்பரத்திலேயே டி.பி.இ. எழுத்தை (ஏ சிறந்தது, ஜி மோசம்) போட வேண்டும் என்பதால் அதைத் தள்ளிப்போட முடியாது. கரையான் சான்றை ஒப்பந்தம் நெருங்கும்போது எடுத்தால் போதும். அபாய அறிக்கையை வாங்குபவர் முதல்முறை வீடு பார்க்க வரும்போதே கையில் கொடுக்க வேண்டும்.

டி.பி.இ.-யில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். அது மின் கட்டண ரசீதைப் பார்த்துப் போடும் மார்க் இல்லை. சுவர், கூரை, ஜன்னல், ஹீட்டர் ஆகியவற்றை வைத்துக் கணினி போடும் கணக்கு. கண்ணுக்குத் தெரியாத இன்சுலேஷனுக்குச் சான்று கேட்பார். சான்று இல்லையென்றால் வீடு கட்டிய காலத்துக்குரிய மோசமான மதிப்பைப் போட்டுவிடுவார். பரணில் 30 செ.மீ. கண்ணாடிக் கம்பளி போட்டிருந்தும், மேலே பலகை அடித்து மூடியிருந்ததால் ஒரு பலகையைக் கழற்றிக் காட்ட வேண்டி வந்தது. ரசீது, தடிமன், வெப்பத்தைத் தடுக்கும் திறனைச் சொல்லும் ‘ஆர்’ மதிப்பு எழுதிய பொட்டலத்தின் படம், வேலை நடந்தபோது எடுத்த புகைப்படம், இவற்றை ஒரு கோப்பில் போட்டு அவர் கையில் கொடுங்கள். ஒரு எழுத்து மேலே ஏறுவதும் இறங்குவதும் அந்தக் கோப்பைப் பொறுத்தது.

அந்த எழுத்துக்குக் காசு உண்டு. எஃப், ஜி வாங்கிய தனிவீடுகளுக்கு 2023 ஏப்ரல் முதலும், இ-க்கு 2025 ஜனவரி முதலும் தனியே ஆற்றல் தணிக்கை அறிக்கை கட்டாயம். அதில் என்னென்ன வேலை, எவ்வளவு செலவு என்று பட்டியல் போடுவார்கள், அந்தப் பட்டியல் நேராக விலைபேசும் மேசைக்கு வரும். ஜி வீட்டைப் புதிதாக நீண்டகால வாடகைக்கு விடவும் 2025 முதல் முடியாது. மின் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: டி.பி.இ. கணக்கில் மின் பயன்பாட்டைப் பெருக்கும் எண் 2026 ஜனவரி முதல் 2.3-லிருந்து 1.9 ஆகிவிட்டது. பழைய அறிக்கை வைத்திருந்தால் அதைப் புதிய கணக்கில் மாற்றிக்கொள்ளலாம்.

மின்சாரத்தில் வழக்கமான குற்றச்சாட்டுகள்தான் வந்தன: 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு இல்லாத ஒரு லைன், குளியலறையில் எர்த் இணைக்காத இரும்புக் குழாய், பயன்பாட்டில் இல்லாத துணி உறை வயர். சரிசெய்தே ஆக வேண்டும் என்று விற்பவருக்குச் சட்டம் சொல்லவில்லை, தெரிவித்தால் போதும். ஆனாலும் முதல் இரண்டும் எலெக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. அறிக்கையிலிருந்து இரண்டு சிவப்பு வரிகள் போவதற்கு அது மலிவு.

கொட்டகைக் கூரையில் நெளி சிமெண்ட் தகடு, ஆஸ்பெஸ்டாஸ்தான். உடையாமல் இருப்பதால் அப்படியே விடலாம் என்று எழுதிக் கொடுத்தார். விற்கும் முன் அழகாக இருக்கட்டும் என்று சுத்தியலால் தட்டிக் கழற்ற ஆரம்பிப்பதுதான் ஆபத்து. பாசி போக்க பிரஷர் வாட்டர் அடிப்பதும் அதே ஆபத்துதான்.

கருங்கல் நாடு என்பதால் ரேடான் என்ற கதிரியக்க வாயு இங்கே அதிகம். லிமோசின் பகுதியின் பெரும்பாலான ஊர்கள் அபாயம் மிகுந்த மூன்றாம் நிலை மண்டலத்தில் வருகின்றன, அபாய அறிக்கையில் அது அச்சாகி வரும். அளக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் ஒரு சிறு டப்பா உணரியை அதிகம் புழங்கும் அறையில் குளிர்காலத்தில் இரண்டு மாதம் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் எண் கிடைத்துவிடும். ஒரு கன மீட்டருக்கு 300 பெக்கெரலுக்குக் கீழே இருந்தால் அந்தத் தாளையும் கோப்பில் வையுங்கள். மேலே இருந்தால் தரைப் பிளவுகளை அடைத்து, தரைக்கு அடியில் காற்றோட்டம் கொடுப்பது முதல் வைத்தியம். ஜன்னலை இறுக்கமாக மாற்றிவிட்டுக் காற்றுத் துளையை அடைத்த வீடுகளில்தான் எண் எகிறுகிறது.

வியாழன், புகைபோக்கியும் குழாயும்

காலையில் புகைபோக்கி துலக்குபவர் வந்து முக்கால் மணியில் முடித்தார். ஆண்டுக்கு ஒருமுறையாவது பிரஷ் போட்டுத் துலக்க வேண்டும், சான்று வாங்க வேண்டும். தீப்பிடித்தால் காப்பீட்டுக் கம்பெனி முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். அடுப்பில் எரிக்கும் ரசாயனக் கட்டை இதற்கு மாற்று இல்லை. விறகு 20 சதவீத ஈரத்துக்குக் கீழே இருக்க வேண்டும், கருவாலி மரம் என்றால் வெட்டிப் பிளந்து இரண்டு வருடம் காய வேண்டும்.

மதியம் முழுவதும் தண்ணீரை வடிக்கும் பயிற்சி. வீடு குளிர்காலம் முழுக்கக் காலியாகக் கிடந்து, வாங்குபவர்கள் மார்ச்சில் பார்க்க வரப்போகிறார்கள். உறைந்து வெடித்த குழாயை யாருக்கும் காட்ட முடியாது. மீட்டர் அருகே வால்வை மூடி, வீட்டின் மிகத் தாழ்ந்த வடிகுழாயைத் திறந்து, எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, ஃப்ளஷ் டேங்கையும் காலி செய்ய வேண்டும். சுடுநீர் ஹீட்டர் 200 லிட்டர்: முதலில் ஃபியூஸ் பெட்டியில் மின்சாரத்தை நிறுத்து, பிறகு பாதுகாப்பு வால்வில் குளிர்நீரை மூடு, மாடியில் சுடுநீர்க் குழாயைத் திற, கடைசியாக வடிகுமிழைத் திருப்பு. மேலே காற்று நுழைய வழி விடாவிட்டால் மணிக்கணக்கில் சொட்டிக்கொண்டிருக்கும். ஃபியூஸ் மேல் ‘தண்ணீர் இல்லை’ என்று பிரெஞ்சில் எழுதி ஒட்டுவது முக்கியம். வீடு காட்ட வரும் தரகர் சுவிட்சைப் போட்டால் காலி ஹீட்டரின் காயில் எரிந்துவிடும்.

வடிகுழாய்களின் சைஃபன் வளைவுகளில், தண்ணீர் உறையாமல் இருக்க, உணவுத் தரக் கிளைகோல் ஒரு கோப்பை. கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் திரவம் வேண்டாம், அது போய்ச் சேருவது திங்களன்று பாடுபட்டுச் சரிசெய்த டேங்குக்குத்தான். ரேடியேட்டர் சுற்றைக் காலி செய்யாமல் கொதிகலனை உறைபனிக் காப்பு நிலையில் ஏழெட்டு டிகிரிக்கு விட்டார்கள். இது எண்ணெய்க் கொதிகலன். 2022 ஜூலைக்குப் பிறகு புதிதாக எண்ணெய்க் கொதிகலன் பொருத்த முடியாது, இருப்பதை ஓட்டலாம், பழுதுபார்க்கலாம். ஆண்டுப் பராமரிப்புச் சான்று கோப்புக்கு.

இந்த மண்ணின் தண்ணீர் மென்மையானது, கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. சுண்ணாம்புப் படிவு வராது, அதற்குப் பதில் செப்புக் குழாயை அரிக்கும். வாஷ்பேசினில் பச்சைக் கறை, குழாய் இணைப்பில் பச்சைப் பொட்டு தெரிந்தால் ஊசித்துளைக் கசிவு பக்கத்தில்தான் இருக்கிறது.

வெள்ளி, நோத்தேர் அலுவலகம்

பிரான்சில் கிரயப் பத்திரம் எழுதுவது நோத்தேர் என்ற அரசு நியமன அதிகாரி. அவருக்கான செலவு, பெரும்பகுதி வரிதான், பழைய வீட்டில் விலையில் 7 முதல் 8 சதவீதம், அதை வாங்குபவர் கொடுக்கிறார். முதலில் முன் ஒப்பந்தம். 5 முதல் 10 சதவீத முன்பணம் நோத்தேர் கணக்கில் இருக்கும். வாங்குபவருக்கு 10 நாள் காரணம் சொல்லாமல் பின்வாங்கும் உரிமை, விற்பவருக்கு அது கிடையாது. அங்கிருந்து இறுதிக் கையெழுத்துக்குப் பெரும்பாலும் மூன்று மாதம். விவசாய நிலம் சேர்ந்திருந்தால் சாஃபேர் என்ற கிராமநில அமைப்புக்கு அதை வாங்கும் முன்னுரிமை உண்டு, பதில் சொல்ல இரண்டு மாதம். பதிலே வராவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம்.

இன்று நோத்தேர் கேட்ட காகிதங்களில் சிக்கியது ஒன்று. கொட்டகையில் ஒரு பகுதியை அறையாக மாற்றியதற்கு ஊர் மேயர் அலுவலகத்தில் அனுமதி இருக்கிறது, வேலை முடிந்தது என்ற அறிவிப்பு கொடுக்கப்படவே இல்லை. பிரிட்டிஷ் வீடுகளில் மிகச் சாதாரணமாக விடுபடுவது இதுதான். இப்போதும் கொடுக்கலாம். கொடுத்த பின் மேயர் அலுவலகத்துக்கு ஆட்சேபிக்க மூன்று மாதம், அது கடந்ததும் ஆட்சேபம் இல்லை என்று ஒரு சான்று. வாங்குபவர் வந்த பிறகு ஆரம்பித்தால் இந்த மூன்று மாதம் கழுத்தை அறுக்கும். கடந்த பத்தாண்டில் சொந்தக் கையால் செய்த பெரிய கட்டுமான வேலைகளையும் சொல்லியாக வேண்டும். அவற்றுக்கு விற்றவர்தான் கட்டியவராகப் பொறுப்பு. தெரிந்த குறையை மறைத்தால் ‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகம் காப்பாற்றாது.

எல்லை விஷயம். வரி வரைபடத்தில் உள்ள கோடு உரிமைச் சான்று அல்ல. பக்கத்து விவசாயியின் டிராக்டர் காலம்காலமாக ஓரமாகப் போகும் பாதை இருந்தால் அதை இப்போதே எழுத்தில் வையுங்கள். வேலி ஓரச் செடி இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்தால் எல்லையிலிருந்து இரண்டு மீட்டர், குறைவாக இருந்தால் அரை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

பிறகு வரி. குடியிருக்கும் முதன்மை வீடு என்றால் விற்ற லாபத்துக்கு வரி கிடையாது. ஆனால் ‘முதலில் இங்கிலாந்து போய்விடுவோம், வீடு விற்கும்போது விற்கட்டும்’ என்று கிளம்பிவிட்டால் அந்த விலக்கு கேள்விக்குரியதாகிவிடும். கிளம்பும் தேதியை முடிவு செய்யும் முன் நோத்தேரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

விடுமுறை வீடாக இருந்தால் கணக்கு வேறு. ஒரு வீட்டை 80,000 யூரோவுக்கு வாங்கி, 17 முழு ஆண்டு வைத்திருந்து 1,65,000-க்கு விற்பதாக வையுங்கள். வாங்கிய செலவுக்கு ரசீது இல்லாமலே 7.5 சதவீதம், 5 ஆண்டுக்கு மேல் வைத்திருந்தால் பழுதுபார்ப்புக்கு ரசீது இல்லாமலே 15 சதவீதம் சேர்க்கலாம். அடக்கம் 98,000, லாபம் 67,000. ஆறாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு 6 சதவீதம் கழிவு, ஆக 72 சதவீதம் போக மீதி 18,760. அதற்கு 19 சதவீத வரி 3,564 யூரோ. சமூகப் பாதுகாப்புக்காகத் தனியே எடுக்கும் சமூக வரிக்குக் கழிவு ஆண்டுக்கு 1.65 சதவீதம்தான், அதனால் 53,734-க்கு 17.2 சதவீதம் 9,242 யூரோ. பிரிட்டன் சமூகப் பாதுகாப்பில் இருப்பதை நிரூபித்தால் 7.5 சதவீதம், 4,030 யூரோ. ஒரே ஒரு சான்று ஐயாயிரத்தைத் தாண்டி மிச்சப்படுத்துகிறது. வருமான வரி 22 ஆண்டிலும், சமூக வரி 30 ஆண்டிலும் முற்றிலும் நீங்கும்.

பதினைந்து சதவீதத்துக்கு மேல் செலவு செய்தவர்கள் ரசீதைக் காட்டலாம். பதிவு பெற்ற கம்பெனி போட்ட ரசீது மட்டும்தான் செல்லும். கடையில் பொருள் வாங்கித் தானே செய்த வேலைக்கு ஒரு காசு கழிவு கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருப்பவரின் பங்கு 1,50,000 யூரோவைத் தாண்டினால் அங்கீகரிக்கப்பட்ட வரிப் பிரதிநிதி ஒருவரையும் அமர்த்த வேண்டும். அவர் கட்டணம் விற்பவர் தலையில்.

சனி, சாமான்கள்

கொட்டகையில் நான்கு புல்வெட்டி, அதில் ஓடுவது ஒன்று. நல்ல மரச்சாமான்களுக்கு இங்கே விலையே இல்லை. கனமான கருவாலி அலமாரியை இனாமாகக் கொடுக்கவே ஆள் தேட வேண்டும். தெருச் சந்தையில் தனிநபர் ஆண்டுக்கு இரண்டு முறைதான் பழைய சாமான் விற்கலாம், அதனால் அந்த இரண்டையும் கருவிகளுக்கும் தோட்டச் சாமான்களுக்கும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அவைதான் விற்கும். எம்மாவுஸ் தொண்டு அமைப்பின் வண்டி வந்து நல்ல நிலையில் உள்ளதை எடுத்துக்கொள்ளும். மீதி ஊர்க் குப்பை மையத்துக்கு. பழைய பெயிண்ட் டப்பாக்களைத் தனியாகப் பிரித்து வைத்தார்கள்.

பிரிட்டனுக்குக் கொண்டுபோகும் சாமான்களுக்கு இறக்குமதி வரி விலக்கு கிடைக்க, லாரி கிளம்பும் முன்பே பிரிட்டிஷ் வருவாய்த் துறையிடம் குடிமாற்ற விலக்கு எண் வாங்க வேண்டும். வெளியே 12 மாதமாவது வாழ்ந்திருக்க வேண்டும், பொருள் 6 மாதமாவது பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும், போன பிறகு 12 மாதம் விற்கக் கூடாது. பட்டியலை அறைவாரியாக இப்போதே எழுதினால் அட்டைப்பெட்டி மேல் அதே எண்ணைப் போடலாம். நாய்க்கு நாடாப்புழு மருந்து பிரிட்டனுக்குள் நுழைவதற்கு 24 மணிக்கு முன், 120 மணிக்குள், கால்நடை டாக்டர் கையால் கொடுத்துப் பாஸ்போர்ட்டில் பதிய வேண்டும். திங்கள் காலைப் படகு என்றால் வெள்ளியே போய்விடுவது நல்லது, ஞாயிறு கிளினிக் திறக்காது.

கையெழுத்து நாள் வரை வீட்டுக் காப்பீட்டை நிறுத்தக் கூடாது. காலி வீட்டுக்கு எத்தனை நாள் வரை பாதுகாப்பு என்ற வரியைப் பாலிசியில் தேடிப் படியுங்கள். நில வரி ஜனவரி 1 அன்று யார் பெயரில் வீடு இருக்கிறதோ அவருக்குத்தான் வரும், மீதி மாதங்களுக்கான பங்கை வாங்குபவர் தருவதாகப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்து நாள் காலை வாங்குபவரோடு வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போதே மின் மீட்டர், தண்ணீர் மீட்டர், எண்ணெய் டேங்கின் அளவு மூன்றையும் போட்டோ எடுத்து இருவரும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ள வேண்டும். டேங்கில் மீதமிருக்கும் எண்ணெய்க்குத் தனியே பணம் என்றால் அது முன் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், அன்று கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.